தண்ணீர் எங்கிருந்து வந்தது?

குழு: மேலத்தெரு குடும்பம்

சனிக்கிழமை

மீனா சித்தி, 1:52: [படம்] பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். எதிரே பாறை மேல் தெரிகிற பழைய இத்தாலிய ஊர்தான் சிவித்தா. உள்ளே போக இந்த ஒரு பாலம்தான். வண்டி கிடையாது, சுமார் 300 மீட்டர் நடக்க வேண்டும். கடைசிப் பகுதி சுவரில் சாய்த்த ஏணி மாதிரி இருக்கிறது. என் முழங்கால் இப்போதே முனக ஆரம்பித்துவிட்டது.

லட்சுமி அத்தை, 1:55: பார்த்துப் போ மீனா. தம்பியை நம்பி நிற்காதே, அவன் படம் எடுத்துக்கொண்டே எங்கேயாவது தங்கிவிடுவான்.

பெரியப்பா, 1:58: குளம் வெட்டும்போது எவ்வளவு மண் எடுத்தோம் என்று அளக்க, நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவைப்போம். அச்சு அசல் அப்படியே இருக்கிறது. மேலே தண்ணீருக்கு என்ன வழி?

மீனா சித்தி, 1:59: இன்னும் ஏறவே இல்லை அத்தான்!

வித்யா, 2:04: ஊருக்குள் நுழையவே டிக்கெட்டாமே, உண்மையா?

கார்த்தி, 2:06: ஆமாம் அக்கா, ஆளுக்கு 5 யூரோ. 2013-ல் தொடங்கும்போது ஒன்றரை யூரோதான். ஆண்டு முழுக்க அங்கே குடியிருப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களிடம் வீட்டு வரி வாங்கியா பாறையைத் தாங்கிப் பிடிக்க முடியும்?

லட்சுமி அத்தை, 2:07: இருபது பேரா? நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களே அதற்கு மேல் இருப்பார்கள்.

மீனா சித்தி, 2:47: ஏறிவிட்டோம். மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். ஊர் வாசலே பாறையைக் குடைந்ததுதான், உள்ளே கால் வைத்ததும் சில்லென்று இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மாளிகை. அண்ணாந்து பார்த்தால் மாடி ஜன்னலுக்குள் வானம் தெரிகிறது! முகப்புச் சுவர் மட்டும்தான் நிற்கிறது. பின்னால் இருந்த வீடு பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டதாம்.

வித்யா, 2:48: ஐயோ.

கார்த்தி, 2:53: மேலே இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய கல், இங்கே தூஃபோ என்பார்கள். அடியில் களிமண். மழை களிமண்ணை அரிக்க அரிக்க, மேல் கல் துண்டு துண்டாகச் சரிகிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு பிஷப்பும் ஊர் நிர்வாகமும் பக்கத்தில் பான்யோரேஜோவுக்குப் போய்விட்டார்கள். இந்த ஊர்க்காரரான புனித பொனவெந்தூரா பிறந்த வீடு நின்ற மண்ணே இப்போது இல்லை. இந்தப் பாலம் 1965-ல் கட்டியது.

பெரியப்பா, 2:55: சரி. தண்ணீர்?

மீனா சித்தி, 3:20: பார்த்துவிட்டேன் அத்தான், உங்களுக்காகவே தேடினேன். ஒரு வீட்டு முற்றத்தில் கிணறு மாதிரி ஒன்று. வீட்டுக்கார அம்மா மூடியைத் தூக்கிக் காட்டினார். ஊற்று இல்லை, பாறையில் குடைந்த மழைநீர்த் தொட்டி. கூரைத் தண்ணீர் அதில் வந்து விழும்படி வைத்திருக்கிறார்கள். விளிம்புக் கல்லில் கயிறு அறுத்த தடம், என் சுண்டுவிரல் முழுக்கப் பதிகிற ஆழம். ஆச்சி வீட்டுக் கிணற்றில் இருந்ததே, அதே தடம்.

பெரியப்பா, 3:21: அதைப் படம் எடு.

சித்தப்பா, 3:24: [படம்] [படம்] [படம்] [படம்]

பெரியப்பா, 3:26: நாலும் பூனை.

லட்சுமி அத்தை, 3:40: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லட்சுமி அத்தை, 3:41: பால் கணக்கு. தவறி இங்கே போட்டுவிட்டேன்.

வித்யா, 9:35: கார்த்தி, ஏப்ரலில் எங்களுக்கு நாலு நாள்தான் கிடைக்கும். சியேனா, மோந்தெரிஜோனி, சான் ஜிமின்யானோ, சிவித்தா, ஒர்வியேத்தோ. முடியுமா? இரண்டு வாண்டுகளும் உண்டு.

கார்த்தி, 9:38: காருக்குள் உட்கார்ந்தபடியே பார்ப்பதானால் முடியும்.

மீனா சித்தி, 9:44: ஒரு நாளைக்கு ஒரு மலை வித்யா. அதற்கு மேல் போனால் எல்லாம் ஒரே கல்லாக, ஒரே படியாகத் தெரியும். சான் ஜிமின்யானோவை விட்டுவிடு. பணக்காரக் குடும்பங்கள் ஒன்றையொன்று மிஞ்சுவதற்காகக் கட்டிய கோபுரங்கள், 72 இருந்ததில் 14 மிச்சம். தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். உள்ளே போனால் ஐஸ்கிரீம் கடை வரிசையைத்தான் பார்த்தேன்.

கார்த்தி, 9:45: அம்மா, இது அநியாயம். பேருந்துக் கூட்டம் கிளம்பிய பிறகு, சாயங்காலம் பார்த்திருக்க வேண்டும்.

மீனா சித்தி, 9:52: குழந்தைகளுக்கு மோந்தெரிஜோனிதான் சரி, சின்ன ஊர். பிளாரன்ஸ்காரர்களுக்கு எதிராகச் சியேனாக்காரர்கள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய காவல் கோட்டை. சுற்றுச்சுவர் 570 மீட்டர், அதில் 14 கோபுரங்கள். அது கைமாறிய கதைதான் எனக்கு ஆறவில்லை. 1554-ல் காவல் தலைவனே சாவியை எதிரியிடம் நீட்டிவிட்டான். மறு வருடம் சியேனாவும் போயிற்று.

லட்சுமி அத்தை, 9:54: சுவர் எத்தனை கனமாக இருந்து என்ன? சாவிக்கொத்து யார் இடுப்பில் என்று பார்க்க வேண்டாமா?

பெரியப்பா, 9:55: அங்கே கிணறு?

கார்த்தி, 9:55: சதுக்கத்திலேயே இருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா, 9:56: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கார்த்தி, 10:03: அக்கா, கார் எடுத்தால் ஒன்றை மறக்காதே. ஊர் நுழைவில் சிவப்பு வட்டம் போட்டு ‘சோனா த்ராஃபிக்கோ லிமிதாத்தோ’ என்று பலகை இருந்தால் தாண்டாதே. கேமரா வண்டி எண்ணைப் படித்துவிடும். போன வருடம் ஒரு ஊரில் வழி தெரியாமல் அதே தெருவை இரண்டு முறை சுற்றினேன். மூன்று மாதம் கழித்து இரண்டு அபராதச் சீட்டு. என் விலாசத்தை எடுத்துக் கொடுத்ததற்கு வாடகைக் கார்க்காரர்கள் தனியாகக் காசு பிடித்தார்கள். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நட. நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

லட்சுமி அத்தை, 10:05: சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் மீனா?

மீனா சித்தி, 10:11: இங்கே ரொட்டியில் உப்பே போடுவதில்லை மதினி. முதல் நாள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சியேனாவில் ரிபொல்லித்தா என்று ஒன்று கொடுத்தார்கள். பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை எல்லாம் போட்டு மறுபடி கொதிக்க வைத்தது. பெயருக்கு அர்த்தமே அதுதானாம். நம் பழங்கஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு ராத்திரிதான். முறுக்கு டப்பா கையில் இருந்ததால் பிழைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, 7:10: மேலத்தெருவில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. பின்வாசல் கிணற்றில் இறைத்தேன். என்னைக் கேலி செய்தவர்கள் கவனிக்க.

மீனா சித்தி, 1:30: ஒர்வியேத்தோ வந்தாயிற்று. கீழே ரயில் நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு, மலைக்கு இழுவை ரயிலில் ஏறினோம்.

கார்த்தி, 1:33: பெரியப்பா, 1888-ல் இந்த ரயில் ஓடியதே தண்ணீரால்தான். மேலே நிற்கும் பெட்டியில் நீரை நிரப்புவார்கள். அது எடையில் இறங்கும்போது கீழுள்ள பெட்டியை மேலே இழுத்துவிடும். இப்போது மின்சாரம்.

பெரியப்பா, 1:34: மலை உச்சியில் ரயிலுக்கு ஊற்றுகிற அளவு தண்ணீரா? மேலே சொல்.

கார்த்தி, 1:42: 1527-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. போப் ஏழாம் கிளமெண்ட் தப்பி இங்கே வந்தார். முற்றுகை வந்தால் தாகத்தில் சாகக்கூடாது என்று கிணறு வெட்டச் சொன்னார். அந்தோனியோ த சங்கால்லோ வடிவமைத்தது. 1537-ல்தான் முடிந்தது, போப் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆழம் 53 மீட்டர். கிணற்றுச் சுவரைச் சுற்றி இரண்டு சுருள் பாதைகள், ஒன்று இறங்க, ஒன்று ஏற. கோவேறு கழுதைகள் நீர் சுமந்து வரும்போது ஒன்றுக்கொன்று எதிரே வராது.

பெரியப்பா, 1:43: அடடா.

பெரியப்பா, 1:43: அரணுக்கு நீர்தான் முதலில், மலை அப்புறம்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். மீனா, இறங்குகிறாயா?

லட்சுமி அத்தை, 1:45: வேண்டாம் மீனா, முழங்கால்.

மீனா சித்தி, 2:31: இறங்கி ஏறியும் விட்டேன் மதினி. 248 படிகள். கழுதைக்காகப் போட்டதால் அகலமாக, தாழ்வாக இருக்கிறது. நேற்றைய பாலத்தைவிட எவ்வளவோ தேவலை.

லட்சுமி அத்தை, 2:32: இதை வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே.

மீனா சித்தி, 2:38: சுவரில் வரிசையாக 70 ஜன்னல்கள். வெளிச்சம் மேலிருந்துதான். எதிர் ஜன்னலில் ஏறுகிறவர்கள் முகம் தெரிகிறது, கையாட்டினால் ஆட்டுகிறார்கள், ஆனால் அவர்களை எட்ட முடியாது. அடியில் இரண்டு பாதைக்கும் நடுவே சின்னப் பாலம், கீழே தண்ணீர், அதற்குள் காசு மின்னுகிறது. அத்தான், ஒன்று கவனித்தேன். மேல்பாதி பாறையைக் குடைந்தது. கீழே போகப் போகச் செங்கல்.

பெரியப்பா, 2:40: செங்கல் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் களிமண் தொடங்கும். அந்த மண் தானாக நிற்காது, கட்டித்தான் ஆக வேண்டும். மேல் கல் பஞ்சு மாதிரி மழையைக் குடித்துவிடும், களிமண் அதைக் கீழே விடாது, ஊற்றாகிவிடும். நேற்று பார்த்த ஊரைக் கவிழ்ப்பதும் இதே களிமண்தானே?

கார்த்தி, 2:41: அதேதான் பெரியப்பா.

பெரியப்பா, 2:42: செங்கல்லை யாராவது நெருக்கத்தில் படம் எடுத்தீர்களா?

சித்தப்பா, 2:44: [படம்]

பெரியப்பா, 2:45: இது நீ.

பெரியப்பா, 2:46: இரு மீனா, குழாயில் சத்தம் கேட்கிறது. உன் வீட்டுத் தொட்டியையும் திறந்துவிட்டு வருகிறேன்.