மறு: டெலிவரி ரோபோவுக்குத் தமிழ்ச்சொல் – அது வண்டியா, ஆளா?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படிப்பதோடு சரி, எழுத நேரம் கிடைக்கவில்லை. பொருளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் டெலிவரி ரோபோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் கேட்டதற்கு இதுவரை வந்த சொற்களை ஒரே இடத்தில் வைக்கிறேன், விட்டுப்போனது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆளில்லா விநியோக எந்திரன்
> பட்டுவாடா ரோபோ
> நடைபாதை ஊர்தி
> தன்னியக்கச் சேர்ப்பான்
> எதற்கு வம்பு, டெலிவரி ரோபோ என்றே விட்டுவிடுங்கள்

கடைசியாகச் சொன்ன அண்ணாவுக்கு முதலில் பதில். பேச்சில் அப்படியே இருக்கட்டும், எங்கள் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. நான் சொல் கேட்டு இங்கே வந்த காரணம் வேறு. நடைபாதையில் இவற்றை விடலாமா கூடாதா, விட்டால் என்ன வேகம், என்ன எடை என்று ஊர் ஊராக என்னென்ன விதி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு சிற்றிதழுக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே பேனா நின்றுவிட்டது. ஒவ்வொரு சட்டமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, பெயர் மாறுகிற இடத்தில் விதியும் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் 'டெலிவரி ரோபோ' என்று போட்டால் கட்டுரையில் சொல்ல வந்ததே காணாமல் போய்விடும்.

பொருளைப் பார்க்காமல் சொல் வைப்பது நமக்குப் பழக்கம்தான் (நான் உட்பட), அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் இருப்பது இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ். 2018 முதல் இங்கே ஸ்டார்ஷிப் என்ற நிறுவனத்தின் டெலிவரி வண்டிகள் மளிகை சுமந்துகொண்டு திரிகின்றன. ஆறு சக்கரம், முழங்காலுக்குச் சற்று மேலான உயரம், வெள்ளைப் பெட்டி, தலையில் ஒரு கம்பி, கம்பி முனையில் ஆரஞ்சு நிறக் கொடி. மனிதன் நடக்கிற வேகம். வாசலுக்கு வந்து நின்றதும் நாம் கைபேசியில் பூட்டைத் திறந்து பாலையும் ரொட்டியையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அது எதையும் கையில் தராது, தருவதற்குக் கையும் இல்லை.

போன வருடம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மாலையில் நடக்கப் போனபோது எதிரே ஒன்று வந்தது. அம்மா ஒதுங்கி நின்றார், அதுவும் நின்றது. அம்மா இடப்பக்கம் நகர்ந்தார், அதுவும் அதே பக்கம் கொஞ்சம் திரும்பி மறுபடி நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். "நான் நின்னா அதுவும் நிக்குது, நான் நகர்ந்தா அதுவும் நகருது, யாருதான்டா முதல்ல போறது?" என்றார். இப்போது யோசித்தால், நடைபாதை ரோபோ பற்றிய சட்டங்கள் எல்லாம் பதில் சொல்ல முயல்வது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

சரி, சட்டங்கள் என்ன பெயர் வைத்தன என்று பார்ப்போம். அமெரிக்க மாநிலங்களில் முதலில் சட்டம் போட்டது வர்ஜீனியா, 2017இல். அந்தச் சட்டத்தில் அது ஒரு 'மின்சாரத் தனிநபர் டெலிவரி சாதனம்'. அப்போது வைத்த வரம்பு, எடை 50 பவுண்டுக்குள், அதாவது ஏறக்குறைய 23 கிலோ, வேகம் மணிக்கு 10 மைல். 'தனிநபர்' ஏன் வந்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, எந்தத் தனிநபர்? ஆனால் 'சாதனம்' என்ற சொல் வேலை செய்கிறது பாருங்கள். சாதனம் என்றால் மிக்சி போல, இஸ்திரிப்பெட்டி போல. அது நடைபாதையில் போவதை யார் தடுக்கப்போகிறார்கள்?

பென்சில்வேனியா 2020இல் இன்னும் ஒரு படி மேலே போனது. காலிப் பெட்டியாக 550 பவுண்டு வரை, அதாவது 250 கிலோ வரை இருக்கலாம், நடைபாதையில் மணிக்கு 12 மைல், சாலையில் 25 மைல் வேகம் வரை போகலாம், சட்டத்தின் கண்ணில் அது *பாதசாரி*. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கப் போகிற என் அம்மாவும் கால் டன் பெட்டியும் ஒரே இனம்.

ஜப்பான் எதிர்த்திசை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தில் அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு வண்டி'. மணிக்கு 6 கிலோமீட்டர், 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம். அந்த மாகாணத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நடப்பவருக்கான விதிகளை அது பின்பற்ற வேண்டும், நடப்பவருக்கு வழி விடவும் வேண்டும். அம்மாவின் கேள்விக்கு அங்கே பதில் எழுத்திலேயே இருக்கிறது.

எஸ்டோனியா 2017இல் 'ரோபோட்லீக்குர்' என்று ஒரே சொல்லாக்கி சாலைச் சட்டத்தில் போட்டுவிட்டது. 'லீக்குர்' என்றால் நகர்வது, நகர்வி என்று வைத்துக்கொள்ளலாம். மின் ஸ்கூட்டர் வகையறாக்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் அதே லீக்குரில்தான் முடிகிறது, குடும்பமாகப் பெயர் வைக்கிறார்கள். சின்ன மொழி, பதினைந்து லட்சம் பேர்கூடப் பேசாத மொழி, இருந்தும் சட்டமன்றத்துக்குள்ளேயே சொல்லாக்கம் நடந்திருக்கிறது. பொறாமையாக இருக்கிறது.

கட்டுப்பாடு பக்கம் இரண்டு ஊர்களைச் சொல்லி முடிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ 2017 டிசம்பரில் நிறுவனத்துக்கு 3, ஊர் முழுக்க 9 என்று எண்ணி வைத்தது, மணிக்கு 3 மைல், தொழிற்பகுதிகளில் மட்டும், அதுவும் 30 அடிக்குள் ஒரு ஆள் கூடவே நடக்க வேண்டும். டொரண்டோ 2021 டிசம்பரில் நடைபாதையிலும் மிதிவண்டிப் பாதையிலும் கூடாது என்றே சொல்லிவிட்டது.

இனி நம் சொற்கள்.

'எந்திரன்' வேண்டாம். -அன் விகுதி போட்டதுமே அது ஆளாகிவிடுகிறது. 'சேர்ப்பான்' சிக்கலும் அதே. இலக்கணப்படி -ஆன் கருவிக்கும் வரும், துடைப்பான், அழிப்பான் எல்லாம் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவில் தானாக நகர்கிற ஒன்றுக்கு 'வந்தான் போனான்' என்ற காதொலி வந்தால், பென்சில்வேனியா பக்கம் நாமாகவே சாய்ந்துவிடுவோம்.

'பட்டுவாடா' எனக்கு மிகவும் பிடித்த சொல், தபால்காரர் காலத்துச் சொல். என்ன செய்வது, தேர்தல் வந்தால் பத்திரிகைக்காரர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 'பட்டுவாடா ரோபோ பிடிபட்டது' என்று ஒரு தலைப்பைக் கற்பனை செய்து பாருங்கள், பறக்கும் படை நினைவுக்கு வருகிறதா இல்லையா? 'விநியோகம்' குடிநீருக்கும் ரேஷன் அரிசிக்கும் உரியது, ஒரு இடத்திலிருந்து பல பேருக்குப் போவது. ஒரு வீட்டுக் கதவுக்கு ஒரு பை கொண்டுவருவதை விநியோகம் என்று யாரும் சொல்வதில்லை.

'நடைபாதை ஊர்தி'யை முன்வைத்த அக்காவுடன் மட்டும் கொஞ்சம் வாதாட வேண்டும். 'ஊர்தி' நன்றாகத்தான் இருக்கிறது. 'நடைபாதை' என்பதைப் பெயரிலேயே சேர்த்தால் அந்த இடத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி. அது நடைபாதையில் போகலாமா என்பதுதானே வழக்கே? டொரண்டோ செய்தியை அக்காவின் சொல்லில் எழுதினால் 'நடைபாதை ஊர்திகளுக்கு நடைபாதையில் தடை' என்று வரும்.

'ஆளில்லா' என்பதுதான் இருப்பதிலேயே மோசம். ட்ரோனுக்கு 'ஆளில்லா விமானம்' என்று வைத்த பழக்கத்தில் வந்துவிட்டது. ஆள் இருக்கிறார், வண்டியில் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் சாப்பாடு சுமந்து ஓடிய கிவிபாட் என்ற வண்டிகளைக் கொலம்பியாவில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் திரை பார்த்து வழிநடத்தினார்கள். 2018 டிசம்பரில் அதில் ஒன்று தீப்பிடித்து எரிந்தபோது, நல்ல பேட்டரிக்குப் பதிலாகப் பழுதான ஒன்றை வைத்துவிட்ட மனிதத் தவறுதான் காரணம் என்று நிறுவனமே சொன்னது. மாணவர்கள் எரிந்த வண்டிக்கு மெழுகுவத்தி ஏற்றி அஞ்சலி செலுத்தினார்கள், அது வேறு கதை. எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறார். 'ஆளில்லா' என்று எழுதினால் வழக்குப் போட ஆள் இல்லை என்றாகிவிடும்.

என் பரிந்துரை: *கொணர்வண்டி*. தள்ளுவண்டி போல வினைத்தொகை. நேற்றுக் கொணர்ந்த, இன்று கொணர்கிற, நாளை கொணரும் வண்டி, பள்ளியில் ஊறுகாயை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அதேதான். வண்டி என்று இருப்பதால் வழிவிட வேண்டியது யார் என்பதில் குழப்பம் இல்லை. எந்தப் பாதை, என்ன வேகம் என்று சொல் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை, அதை விதி சொல்லட்டும். 'நடைவண்டி' என்றுதான் முதலில் மனம் போனது, எவ்வளவு அழகு! ஆனால் அது குழந்தை பிடித்து நடக்கிற மூன்று சக்கர மரவண்டிக்கு எப்போதோ கொடுத்தாகிவிட்டது, பிடுங்க மனம் வரவில்லை.

தொலைவில் இருக்கிற ஆளுக்கு *தொலையோட்டுநர்*. வண்டிக்குப் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஆளுக்குப் பெயர் வேண்டும்.

---

மறு: மறு: டெலிவரி ரோபோவுக்குத் தமிழ்ச்சொல்

தம்பி, கொணர்வண்டி நன்றாக இருக்கிறது, என் வாக்கு உண்டு. ஆனால் ஊர் நாக்கில் நிற்குமா என்று கேட்காதீர்கள். பேருந்து நின்றது, மகிழுந்து நிற்கவில்லை, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைதான். சட்டக் கட்டுரைக்கு நாக்கு முக்கியமில்லை என்பதால் போகட்டும்.

தொலையோட்டுநர் சரியில்லை. அவர் ஓட்டவில்லையே. பெரும்பாலான நேரம் வண்டி தானே போகிறது, திணறினால்தான் அவர் கை வைக்கிறார், ஒருவரே பல வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். 'தொலைநடத்துநர்' என்று யோசித்தேன், விசிலும் டிக்கெட் பையும் நினைவுக்கு வந்துவிட்டது. 'தொலையியக்குநர்' என்றால் கோடம்பாக்கம். என்ன செய்யலாம்?

இன்னொன்று. இங்கிலாந்தில் என்ன சட்டம் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

---

மறு: மறு: மறு: டெலிவரி ரோபோவுக்குத் தமிழ்ச்சொல்

ஐயா, பிடித்துவிட்டீர்கள். எழுதி நீளமாகிவிட்டதால் வெட்டினேன், அங்கேதான் விடை இருந்திருக்கிறது.

இவற்றுக்கென்று தனிச்சட்டம் எதுவும் வராமலேயே, உள்ளூர் மன்றத்தின் இசைவோடு இங்கே ஓடத் தொடங்கின. நடைபாதையில் என்ன போகக்கூடாது என்று சொல்வது 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். அதன் 72ஆம் பிரிவு குதிரை, கழுதை, செம்மறியாடு, கோவேறு கழுதை, பன்றி, மாடு என்று வரிசையாகச் சொல்லி, எந்த வகையான வண்டியும் கூடாது என்று முடிக்கிறது. இன்றைக்கு நடைபாதையில் மின் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் மீதும் பாய்வது அதே பிரிவுதான். இதில் கவனிக்க வேண்டியது, குற்றம் கழுதை மேல் இல்லை, கழுதையை ஓட்டி வந்தவர் மேல். கழுதை பெரும்பாலான நேரம் தானாகத்தான் நடந்திருக்கும், ஒருவரே பத்துக் கழுதையைக்கூட ஓட்டி வந்திருப்பார். அதற்காக யாரும் அதை ஆளில்லாக் கழுதை என்று எழுதவில்லை.

அப்படிப் பார்த்தால் 'மேய்ப்பர்' பொருந்துகிறது, ஆனால் நேரே தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விடும். 'ஓட்டுநர்', 'நடத்துநர்', 'இயக்குநர்' எல்லாமே அவர் கை என்ன செய்கிறது என்பதைப் பிடிக்கப் பார்க்கின்றன, அந்த வேலையோ வருடத்துக்கு வருடம் மாறும். சட்டத்துக்கு வேண்டியது அவர் யார் என்பது. அதனால் *தொலைப்பொறுப்பாளர்*. பல வண்டிக்கு ஒருவர் இருக்கலாம், கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் பொறுப்பாளர்தான். தொலையோட்டுநரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கட்டுரைக்கு இன்னும் ஒரு சொல் வேண்டும், அதற்குத் தனி இழையே தொடங்கலாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பகுதியில் 2019 அக்டோபரில் சக்கர நாற்காலியில் ஒரு மாணவி சாலையைக் கடந்து வந்தார். மறுபக்கம் நடைபாதை சாலைக்குச் சரிந்து இறங்கும் இடத்தில் ஒரு கொணர்வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு நடைபாதையில் ஏற அந்த ஒரு இடம்தான் இருந்தது, விளக்கு மாறிக்கொண்டிருந்தது, அவர் சாலையிலேயே மாட்டிக்கொண்டார். பல்கலைக்கழகம் சோதனையை நிறுத்தி வைத்தது. அந்தச் சரிவுக்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? 'சாய்தளம்' என்றால் மருத்துவமனை வாசலில் கைப்பிடியோடு இருக்கிற நீள மேடைதான் எல்லோர் மனதிலும் வரும். இது நடைபாதையின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டி இறக்கியது. கட்டட வேலை, சாலை வேலை தெரிந்தவர்கள், கொத்தனார்கள் இதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்களேன். அகராதியில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.