பள்ளி மானியம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது: யாரிடம் முறையிடுவது?

வாய்க்கால்கரை:
வணக்கம். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சென்ற ஆண்டு 25,000 ரூபாயாக வந்த ஒருங்கிணைந்த பள்ளி மானியம், இந்த ஆண்டு 10,000 ரூபாயாகக் குறைந்துவிட்டது. கழிவறைக் கதவும் குடிநீர்க் குழாயும் பழுதாகிக் கிடக்கின்றன. திங்கட்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. யாரிடம் முறையிடுவது என்று உடனே சொல்லுங்கள்.

கரும்பலகை:
மாணவர் எண்ணிக்கை எத்தனை? வந்தது முழுத் தொகையா, முதல் தவணையா? சென்ற ஆண்டுக்கான பயன்பாட்டுச் சான்றிதழை, அதாவது பணம் செலவான விவரத்தை, கொடுத்துவிட்டார்களா?

நெல்லைச்சீமை:
சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்துதான் இந்த மானியம் வருகிறது; அதன் நிதியில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு. முன்மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையொப்பமிடவில்லை என்று 2024-25இல் அந்தப் பங்கை நிறுத்தி வைத்தார்கள். அதன் விளைவுதான் இது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கர்:
அப்படியானால் எல்லாப் பள்ளிகளுக்கும் குறைந்திருக்க வேண்டும். வழிகாட்டு நெறிமுறையை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மாணவர்கள் 30 பேர் வரை என்றால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை யாரும் வந்து எண்ணுவதில்லை. ஒன்றிய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பான யூடைஸ் பதிவில் உள்ள எண்ணிக்கையே கணக்கு.

வாய்க்கால்கரை:
முழுத் தொகை. 33 பேர் படிக்கிறார்கள். சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது.

கரும்பலகை:
அப்படியென்றால் மாநில அரசின் இணைய மாணவர் பதிவேடான எமிஸ் பதிவைப் பாருங்கள். வேறு பள்ளியிலிருந்து வந்த குழந்தையைப் பழைய பள்ளி விடுவித்ததும், அதன் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அங்கிருந்து புதிய பள்ளி அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வரை, நாள்தோறும் வந்து படித்தாலும் அந்தக் குழந்தை பதிவில் உங்கள் மாணவர் அல்லர். மூன்று பெயர்கள் விடுபட்டாலே உங்கள் பள்ளி 10,000 ரூபாய்ப் பிரிவுக்கு இறங்கிவிடும்.

நெல்லைச்சீமை:
இதுதான் அநியாயம். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் தலைமை ஆசிரியரே பாடமும் நடத்தி, பதிவும் ஏற்ற வேண்டியிருக்கிறது. பதிவு தவறினால் பணத்தை இழப்பவர்கள் குழந்தைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்புக்கு அளித்திருக்கிறது. அந்தப் பதிவேட்டோடு பள்ளிக் கணக்கை ஒப்பிட்ட பிறகல்லவா நிதியைக் குறைக்க வேண்டும்?

கணக்கர்:
பதிவோடு நிதியை இணைக்காத காலத்தில் இல்லாத மாணவர்களின் பெயரிலும் பணம் போனது. ஊராட்சிகளுக்கும் இதே போன்ற நிபந்தனை இருந்தது: கணக்குகளை இணையத்தில் வெளியிடாத ஊராட்சிக்கு, 2025-26 வரையிலான 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு தந்த மானியம் கிடையாது.

நெல்லைச்சீமை:
ஊராட்சிக்குச் செயலர் இருக்கிறார். பள்ளிக்கு எழுத்தர் எங்கே இருக்கிறார்? கணக்குக் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. கணக்கு எழுத ஆள் கொடுக்காமல் கேட்பதையே எதிர்க்கிறேன்.

கரும்பலகை:
வந்தவரின் கேள்வியை மறந்துவிட வேண்டாம். நண்பரே, அந்த நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. குழாயையும் கழிவறையையும் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ந்தால்தான் செலவிட முடியும். உங்கள் பள்ளி மானியத்திலும் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைக்கு உரியது.

வாய்க்கால்கரை:
பார்த்தோம். நான்கு பெயர்கள் பொதுத் தொகுப்பில் இருந்தன. தலைமை ஆசிரியர் சேர்த்துவிட்டார். இந்த ஆண்டுத் தொகை மாறாது என்கிறார்கள். ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். நன்றி.