செந்தோசாவுக்கு 'இன்'னா, 'ஆன்'னா?

ஈசூன்வாசி:
மகள் தொடக்கநிலை ஐந்து. ஆங்கிலக் கட்டுரையில் 'இன் (in) செந்தோசா' என்று எழுதியிருந்தாள். துணைப்பாட ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "செந்தோசா தீவு. 'ஆன்' (on) மட்டுமே சரி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மட்டுமேவாம்! சிங்கப்பூரும் தீவுதானே? 'ஆன் சிங்கப்பூர்' என்று எவனாவது சொல்கிறானா?

தேக்காமாமா:
ஆசிரியர் சொன்னது சரி. சிங்கப்பூர் நாடு, நாட்டுக்கு 'இன்'. செந்தோசா தீவு, தீவுக்கு 'ஆன்'. புலாவ் உபின் தீவுக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் 'ஆன் உபின்' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளை தப்பு செய்தால் திருத்துங்கள். ஆசிரியர் மேல் பாயாதீர்கள்.

கோப்பிஓ:
'இன் பாலி' என்கிறார்களே மாமா. பாலி எப்போது தனி நாடானது? எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

தேக்காமாமா:
பாலி இந்தோனீசியாவில் ஒரு மாநிலம். பினாங்கும் மலேசியாவில் மாநிலம்தான். அதில் செபராங் பிறை தீவிலேயே இல்லை, பெருநிலத்தில் இருக்கிறது. மாநிலத்துக்கு 'இன்'. செந்தோசா மாநிலமா? இல்லை. அப்போ 'ஆன்'.

ராத்திரிஷிஃப்ட்:
செந்தோசா கோவில் வீடு வாங்கிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் 'இன்' என்றுதான் சொல்வார்கள்.

வெண்பாப்பித்தன்:
எந்தக் கோவில்? எந்தச் சாமி?

ராத்திரிஷிஃப்ட்:
ஐயா, கோவ். கடலோரப் பணக்கார வீடுகள். கோவ், அப்புறம் இல்.

வெண்பாப்பித்தன்:
அப்படியானால் பிரித்து எழுதும். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகள் சொல்கிறது. ஒன்றை ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லை, ஆங்கிலத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஈசூன்வாசி:
நான் கேட்டது 'மட்டுமே' பற்றி. ஆர்ச்சர்ட் ரோட்டில் கடை இருந்தால் பிரிட்டிஷ்காரர் 'இன்' என்பார், அமெரிக்கர் 'ஆன்' என்பார். கதவு எண்ணோடு சொன்னால் 'அட்' (at). ஒரு சாலைக்கே மூன்று வருகிறது!

தேக்காமாமா:
சாலையைப் பற்றி யார் பேசினார்கள்? செந்தோசா தீவு.

கோப்பிஓ:
போன மாதம் பஸ்ஸுக்கு ஏன் 'ஆன்', டாக்சிக்கு ஏன் 'இன்' என்று கேட்டேன். "தெரியாதவர்கள் வாயை மூடலாம்" என்றீர்கள். மறக்கவில்லை மாமா.

தேக்காமாமா:
இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். பஸ்ஸில் எழுந்து நிற்கலாம், டாக்சியில் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

கோப்பிஓ:
செந்தோசாவில் எழுந்து நிற்கலாமா?

தேக்காமாமா:
தாராளமாக. அதனால்தான் 'ஆன்'.

கோப்பிஓ:
சிங்கப்பூரில்?

தேக்காமாமா:
சிங்கப்பூர் நாடு. முதலிலேயே சொல்லிவிட்டேன். படித்துவிட்டு வந்து பேசுங்கள். நான் இங்கே 38 வருடமாக இருக்கிறேன்.

ராத்திரிஷிஃப்ட்:
இருக்கிற வருடத்துக்கும் 'இன்', 'ஆனு'க்கும் என்ன சம்பந்தம்? 1992இல் பாலம் திறந்ததிலிருந்து செந்தோசாவுக்குக் காரிலேயே போகிறோம். இன்னும் என்ன தீவு?

தேக்காமாமா:
நல்ல கதை! பாலம் போட்டால் தீவு இல்லாமல் போய்விடுமா? ஜொகூர் கடற்பாலம் 1924இல் திறந்தது. அன்றோடு சிங்கப்பூர் தீவு இல்லை என்று ஆகிவிட்டதா?

ஈசூன்வாசி:
ஆஹா! சிங்கப்பூரும் தீவுதான் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். தீவுக்கு 'ஆன்' என்றால் 'ஆன் சிங்கப்பூர்' சொல்லுங்கள் பார்ப்போம்.

தேக்காமாமா:
தீவு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள். நாடு என்றேன். நாடாகவும் இருக்கும், தீவாகவும் இருக்கும். செந்தோசா தீவு மட்டும்தான்.

கோப்பிஓ:
'மட்டும்தான்'. இதே ஆள்தான் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பாரோ?

தேக்காமாமா:
நான் துணைப்பாடம் எடுப்பதில்லை. எடுத்தால் முதலில் உங்களைத்தான் உட்கார வைப்பேன்.

வெண்பாப்பித்தன்:
28 உருபு பற்றி யாருமே பதில் சொல்லவில்லை. கவனிக்கிறேன்.

ராத்திரிஷிஃப்ட்:
சனிக்கிழமை சிலோசோ கடற்கரைக்குப் போகிறோம். கேபிள் கார் வேண்டாம், நடந்தே. யாராவது வருகிறீர்களா?

தேக்காமாமா:
வருகிறேன். ஆனால் 'ஆன்'.