ஆன்லைன் கவுன்சலிங் குமரி வீடுகளுக்குச் சரிவருமா?

வேளிமலை_காற்று
பிள்ளை வளர்ப்பில் அலுப்பு, எரிச்சல், தூக்கமில்லை என்று யார் இங்கே எழுதினாலும் "ஆன்லைன்ல கவுன்சலிங் எடுங்க" என்று மூன்று பேர் ஓடி வருகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. முதல் தடை வீடுதான். குளச்சலிலோ கோட்டாற்றிலோ சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற வீட்டில், மாமியாரும் நாத்தனாரும் நடமாடும்போது 50 நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு மருமகள் போனில் பேச முடியுமா? பேச வேண்டியதே மாமியாரைப் பற்றி என்றால்? "ஆமா", "இல்ல", "கொள்ளாம்" என்று பேச்சு நின்றுவிடும்.

அடுத்தது, அந்தப் பக்கம் இருப்பவர் யார்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக (மருத்துவ உளவியலாளராக) வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். "கவுன்சலர்" என்று போட்டுக்கொள்ள நடைமுறையில் யாரும் தடுப்பதில்லை. குறுகிய காலச் சான்றிதழோடு "பேரண்டிங் கோச்" ஆனவரும் எம்.ஃபில். படித்தவரும் ஒரே ஆப்பில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

பரளியாறு
அண்ணாச்சி, கொல்லங்கோட்டிலிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கைப்பிள்ளையோட பஸ் மாறிப் போயி, ஓ.பி. சீட்டு எடுத்து, காத்துக் கிடந்து திரும்பதுக்கு ஒரு பகல் போவும். ஒரு தடவை போலாம். வாராவாரம் எட்டு வாரம் போவ முடியுமா? பிள்ளை வளர்ப்புப் பயிற்சியில தொடர்ச்சிதான் மருந்தே.

வீட்டுத் தடைக்கு வழி உண்டு. இயர்போன் போட்டா அந்தப் பக்கத்துக் குரல்தான் மறையும், நம்ம குரல் மறையாது. இதைப் பலரும் யோசிக்கதில்ல. அதனால மூடின கதவுக்கு வெளிய டி.வி. ஓடணும், உள்ள ஃபேன் முழு வேகத்துல சுத்தணும். பிள்ளை அங்கன்வாடியில இருக்க நேரமாப் பார்த்து வைக்கணும். ஆள் வந்தா சொல்லதுக்கு ஒரு வாக்கியத்தை முதல் நாளே பேசி வைக்கணும், "கரண்ட் பில் கட்டியாச்சு" மாதிரி. அது காதுல விழுந்ததும் கவுன்சலர் பேச்சை மாத்துவார். அதுவும் முடியலண்ணா அன்னைக்கு எழுத்து அரட்டை.

வேளிமலை_காற்று
எழுத்து அரட்டையா? வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்று ஓர் இடம் இருக்கிறது. மூன்று புள்ளியைத் தொட்டால் வரும். வீட்டு லேப்டாப்பில் கணவர் எப்போதோ இணைத்து வைத்திருந்தால் ஒவ்வொரு வரியும் அங்கேயும் தெரியும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை விவரத்துக்கு ரகசியக் காப்பு தருகிறது, சரி. அது சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்தும். நடுவீட்டில் சார்ஜில் கிடக்கிற போனை என்ன செய்யும்?

அடி, மிரட்டல் உள்ள வீடு என்றால் இந்த டி.வி. தந்திரமெல்லாம் ஆபத்து. அங்கே கேட்க வேண்டியது கவுன்சலிங் நேரம் அல்ல, பெண்கள் உதவி எண் 181.

முட்டம்_கலங்கரை
ரெண்டு பேரும் கதவைப் பற்றியே பேசுறீங்க. உடம்பை விட்டுட்டீங்க.

பிரசவமாகி மூணாம் நாள் வாக்கில் வரும் காரணமில்லாத அழுகை பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள் தானாகத் தணியும். அதற்கு மேலும் நீண்டால்தான் மனச்சோர்வா என்று பார்க்கணும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாள் 1987இல் வந்தது. கடந்த 7 நாளை வைத்து 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. வழக்கமாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், கூட்டுத்தொகை 6 ஆக இருந்தாலும், அன்றைக்கே பேசணும். போனில் அனுப்பும் கூகுள் படிவத்தில் இந்தக் கேள்வியை வைத்துவிட்டு மறுவாரம் திறந்து பார்க்கிறவரிடம் போகாதீங்க.

பிரசவத்துக்குப் பின் ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சோர்வு, எரிச்சல், படபடப்பு என்று மனச்சோர்வின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்க்காமல் எட்டு செஷன் பேசினால் காசும் போகும், பெண்ணும் "எனக்கு இதுவும் பலிக்கலை" என்று உட்கார்ந்துவிடுவாள்.

பிரசவமான சில நாளில் தூக்கமே வேண்டாம் என்று இருப்பது, குழப்பமான பேச்சு, யாரோ பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால் ஆன்லைனும் வேண்டாம், நாளையும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிள்ளையைத் தனியாக அவளிடம் விடக்கூடாது.

குழித்துறை_ஆறு
மொழியையும் சேருங்க. "வெப்ராளமா இருக்கு", "மடுத்துப் போச்சு"ண்ணு நம்ம பெண்ணுங்க சொல்லுவாங்க. முதல் சொல் பதற்றம், ரெண்டாவது விரக்தி. கவுன்சலர் வெளியூர்க்காரர்ண்ணா ரெண்டையும் "டென்ஷன்"ண்ணு குறிச்சிட்டுப் போயிருவார். நேர்லண்ணா முகம் பார்த்துப் பிடிச்சிடலாம், குரல் அழைப்புல தவறும். முதல் நாளே "வெப்ராளம்ண்ணா என்ன அர்த்தத்துல சொல்லுறீங்க?"ண்ணு கேக்கிற ஆளு போதும். நாகர்கோவில்காரராத்தான் இருக்கணும்ண்ணு இல்ல.

பரளியாறு
சரியான பேச்சு அக்கா. கலங்கரை சார் சொன்னதையும் ஒத்துக்கிடுதேன்: முதல்ல ரத்தப் பரிசோதனை, பொறவு கவுன்சலிங்.

ஆனா ஆன்லைன்ல மட்டுமே எளிதா நடக்கிற ஒண்ணு இருக்கு. மூணு வயசுப் பிள்ளை போனுக்காக அழுது புரளுது, கண்டுக்கிடாதீங்கண்ணு கவுன்சலர் சொல்லுறாங்க. முதல் மூணு நாலு நாள் அழுகை குறையாது, கூடும். எல்லாரும் இங்கதான் "இது வேலைக்காவாது"ண்ணு விடுதாங்க. நாலாம் நாள் பாட்டி மனசு இளகிப் போனைக் கையில கொடுத்தா, "அரை மணிக்கூர் அழுதா கிடைக்கும்"ண்ணு பிள்ளை படிச்சிரும். அடுத்த தடவை முன்னைவிட மோசமா இருக்கும். அதனால பாட்டிக்கும் ஒரு செஷன் வேணும். தாத்தாவுக்கும் சேர்த்தேண்ணு வைங்க. கத்தார்ல இருக்க தகப்பனையும் அதே அழைப்புல சேர்த்துக்கிடலாம். அங்க நேரம் நமக்கு இரண்டரை மணிக்கூர் பின்னால, ராத்திரி 9 மணிண்ணா அவருக்கு மாலை 6.30. ஆசாரிபள்ளம் ஓ.பி.யில அவரை எப்படி உக்கார வைப்பீங்க?

வேளிமலை_காற்று
காசு கட்டுகிற கணவர் திரையில் உட்கார்ந்திருக்கும்போது மனைவி எதைச் சொல்வாள்? சேர்ந்த செஷன் ஒன்று என்றால் தனிச் செஷன் இரண்டு இருக்க வேண்டும். தனியாகப் பேசியது சேர்ந்த செஷனுக்குப் போகாது என்று கவுன்சலர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

பிள்ளையைப் பார்க்காமல் தாய் சொல்வதை வைத்தே திட்டம் போடுவதும் எனக்கு ஆகாது. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அது அடம் அல்ல. முதலில் காது பரிசோதனை, பிறகு வளர்ச்சி மதிப்பீடு. அது நேரில்தான்.

முட்டம்_கலங்கரை
அதில் மறுப்பே இல்லை. காசு விஷயத்தில் ஒன்று: தனியாரில் பத்து செஷன் பேக்கேஜ் முன்கூட்டிக் கட்டாதீங்க. ஒன்று எடுங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் சி.ஆர்.ஆர். எண், அதாவது மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கேளுங்க, அந்தக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். முதல் செஷனில் உங்க முகவரி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள், பக்கத்து ஆஸ்பத்திரி, இந்த மூன்றையும் அவர் கேட்கலைன்னா ரெண்டாவது செஷனுக்குப் போக வேண்டாம்.

காசே இல்லைன்னா 14416. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரம், தமிழிலும் உண்டு. நடுராத்திரிக்கு நல்ல துணை. ஆனா ஒவ்வொரு தடவையும் அதே ஆள்தான் எடுப்பார்னு நம்பி எட்டு வாரத் திட்டம் போட முடியாது.

குழித்துறை_ஆறு
அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள மழை பெஞ்சா கரண்டும் போவும், டவரும் போவும். அழுதுட்டிருக்க நேரத்துல அழைப்பு அறுந்தா?

பரளியாறு
அதையும் முதல் நாளே பேசணும் அக்கா. அறுந்தா கவுன்சலர்தான் திரும்பக் கூப்பிடணும், நம்ம ஆளு இல்ல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா ரெண்டு போனும் பிஸிண்ணு காட்டும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள வீடியோ வரலண்ணா சாதாரண போன் அழைப்பு, அதுவும் போகலண்ணா "நான் பத்திரம்" அல்லது "நாளைக்கு" எண்ணு ஒரு எஸ்.எம்.எஸ். நெட் இல்லாட்டியும் கொஞ்சம் சிக்னல் இருந்தா எஸ்.எம்.எஸ். போவும்.