கட்டர், களைக்கொத்து எல்லாம் துரு… எப்படி சுத்தம் பண்றது?

மாடித்தோட்டம்_புதுசு:
மழைக்கப்புறம் செடி வெட்ற கட்டர் இறுக்கமாயிடுச்சு, ஸ்பிரிங்லயும் துரு, களைக்கொத்துலயும் துரு. புதுசு வாங்கணுமா இல்ல சரி பண்ணிடலாமா?

செம்பருத்தி:
வாங்காதீங்க! மொதல்ல மண்ணு, செடிப்பால் போக கழுவிட்டு, துரு புடிச்ச இடத்த மட்டும் வினிகர்ல ராத்திரி முழுக்க ஊற வைங்க, காலைல பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போட்டு தேய்ச்சா கருப்பா கரைஞ்சு வரும். அப்புறம் சோடா மாவு கலந்த தண்ணில அலசி உடனே துடைச்சு காய வைங்க, இல்லன்னா அந்த புளிப்பே மறுபடி துரு ஏத்திடும். கடைசியா திருகுலயும் ஸ்பிரிங்லயும் ரெண்டு சொட்டு தையல் மிஷின் ஆயில்.

தோட்டக்காரன்:
சாணை புடிக்கும்போது பாத்துக்கோங்க, ரெண்டு அலகும் ஒன்னையொன்னு உரசி போற மாடல்னா சரிவா இருக்கற பக்கம் மட்டும்தான் தீட்டணும், தட்டையான பக்கத்தையும் தேய்ச்சுட்டா இடைவெளி விழுந்து வெட்டாது, குச்சிய மெல்லும்.

வெண்டைக்காய்:
மரப்பிடி இருந்தா உப்புத்தாள் போட்டு லின்சீட் ஆயில் தடவுங்க, பெயிண்ட் கடைல கிடைக்கும். சமையல் எண்ணெய் வேணாம், பிசுபிசுன்னு ஆயிடும்.

மாடித்தோட்டம்_புதுசு:
சூப்பர். தக்காளில இலைச்சுருட்டை மாதிரி இருக்கு, அதே கட்டர யூஸ் பண்ணலாமா?

செம்பருத்தி:
இலைச்சுருட்டை வைரஸ பரப்பறது வெள்ளை ஈதான். ஆனா வேற சில நோய் கட்டர்லயே பரவும், அதனால நோய் செடிய வெட்டினதும் ஸ்பிரிட்ல துடைச்சுட்டு அடுத்த செடிக்கு போங்க.