1987-இல் வாங்கிய ரிமோட் கார்: வேகம் கொடுத்தால் முன்சக்கரம் நடுங்குகிறது, மின்தடை (ரெசிஸ்டர்) புகைகிறது. உதவி வேண்டும்

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து

வணக்கம். பழைய ரிமோட் கார்களில் எனக்கு அனுபவம் எதுவும் இல்லை. சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்ததே சென்ற மாதம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா 1987-ஆம் ஆண்டு துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வாங்கிவந்த, டாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஹார்னெட் கார், வண்ணார்பேட்டையில் ஆச்சி வீட்டுத் தகரப் பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்தது. அதை ஓட வைத்து, சித்திரையில் ஊருக்கு வரும் சித்தப்பாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

காருடன் 27 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்), காருக்குள் அதன் கட்டளையை வாங்கும் ரிசீவர், கட்டளைப்படி ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் அசைக்கும் இரண்டு சர்வோக்கள், அவற்றுள் ஒன்றால் அசையும் செம்புத் தகட்டு ஸ்பீடு கன்ட்ரோலர், அதனோடு இணைந்த வெள்ளைப் பீங்கான் மின்தடை ஆகியவை இருக்கின்றன. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் நான்கு பென்சில் செல்கள் போடும் தனிப்பெட்டி உண்டு, மோட்டாருக்கு 7.2 வோல்ட் பேட்டரி தனி. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி உப்புப் பூத்துக் கெட்டிருந்ததால், அதே வோல்ட்டில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்றைப் புதிதாக வாங்கினேன்.

மோட்டார் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஸ்டீயரிங் பிசகில்லாமல் திரும்புகிறது. வயரை மாட்டி ரிமோட்டின் வேக விசையை முதல் படிக்குத் தள்ளியவுடன் முன்சக்கரங்கள் இரண்டும் குளிர்க்காய்ச்சல் கண்டாற்போல் நடுங்குகின்றன. இரண்டாம் படியில் கார் ஊர்கிறதே தவிர ஓடவில்லை. அரை நிமிடத்துக்குள் மின்தடையிலிருந்து கருகல் வாடையும் மெல்லிய புகையும் வருகின்றன. முழு வேகம் வர வேண்டிய மூன்றாம் படியில் மோட்டார் நின்றேவிடுகிறது. இவை போதாதென்று, விசையை நடுவில் விட்டாலும் கார் தானாக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டினேன்; பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளச் சொல்லி, திருகைக்கூடத் தொடாமல் திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தென்காசியிலிருந்து

மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து, ரிசீவர் தடுமாறுகிறது என்று நினைக்கிறேன். எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் போட்டு, லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டால் எல்லாத் தொல்லையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

பதில்: மேலப்பாளையத்திலிருந்து

தென்காசி நண்பர் சொல்வது இன்றைய கார்களுக்குப் பொருந்தும். அவற்றில் ரிசீவரும் மோட்டாரும் ஒரே பேட்டரியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தம்பியின் காரில் ரிசீவருக்குத் தனிச் செல்கள் இருக்கின்றன. மோட்டார் எவ்வளவுதான் இழுத்தாலும் அந்தச் செல்களுக்கு அது தெரியப்போவதில்லை. ஆகவே இந்த நடுக்கம் பேட்டரி வழியாக வரவில்லை, காற்று வழியாக வருகிறது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி வானொலி நிலையம் போன்றது. அந்த இரைச்சலை அடக்குவதற்காகவே மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும், முனைகளுக்கும் தகர உடலுக்கும் இடையிலும் 104 என்று எண்ணிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்களைப் பற்றவைப்பார்கள். ஹார்னெட்டில் கியர்பாக்ஸும் அதில் தொங்கும் மோட்டாரும் ஒரே துண்டாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு என்பதால், மோட்டாரின் வயர்களும் கெபாசிட்டர் கால்களும் ஒவ்வொரு குலுக்கலிலும் மடங்கி நிமிர்ந்து ஒருநாள் முறிந்துபோகும். முதலில் அங்கே பாருங்கள். அடுத்தபடியாக, ரிசீவர் ஆன்டெனா வயரை வெட்டியிருக்கிறீர்களா, சுருட்டி வைத்திருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அரை மீட்டர் வயரே அதற்கு மிகவும் குட்டை, அதையும் சுருட்டினால் ரிமோட்டின் குரலைவிட மோட்டாரின் கூச்சல்தான் ரிசீவருக்கு உரக்கக் கேட்கும்.

மின்தடை சுடுவது இயல்பே. முதல் இரண்டு படிகளில் வேகத்தைக் குறைப்பதற்காக மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிப்பதுதான் அதன் வேலை. புகைவது இயல்பன்று. இந்தக் காரில் உள்ள 540 வகை மோட்டார் சுமையின்றிச் சுழலும்போது இரண்டரை ஆம்பியர் அளவில் இழுக்கும். சுழலவிடாமல் பிடித்துக்கொண்டால் அதுவே 70 ஆம்பியர் வரை போகும். எதுவோ உங்கள் மோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றி இரண்டு பென்சில் செல்லில் தனியாக ஓட்டிப் பாருங்கள். மோட்டார் இல்லாத நிலையில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியும் பாருங்கள். மோட்டார் தாராளமாகச் சுழன்று, சக்கரம் கரகரவென்று இறுகினால் குற்றவாளி கியர்பாக்ஸ்தான். அந்தத் தகரப் பெட்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா?

கழற்றும் முன் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியத் திருகுகளின் கூட்டல்குறிக் காடி நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் ஸ்குரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. நுனி வழுக்கி ஏறிக் காடியைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) நுனியுள்ள டிரைவர் ஒன்றை வாங்கிய பிறகே கை வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அண்ணாச்சி, தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியபோது ஆச்சி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டியைத் தண்ணீர் வடிந்த பிறகு வெயிலில் காய வைத்தோமே தவிர, திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மோட்டார் இரண்டு செல்லில் நன்றாகச் சுழன்றது, சக்கரம் எளிதில் அசையவில்லை. கியர்பாக்ஸ் மூடியைத் திறந்தேன். பல்சக்கரங்களுக்கு இடையே சாம்பல் நிற வண்டல், பழைய கிரீஸோடு சேர்ந்து ஆறிய களியைப் போல இறுகிக் கிடந்தது; வெளிச்சத்தில் பிடித்தபோது அதற்குள் மணல் துகள்கள் மினுங்கின. பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு பல்லிடுக்கையும் சுரண்டி எடுக்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. கெபாசிட்டர்களில் ஒன்றின் கால், நீங்கள் சொன்னதைப் போலவே, பற்றவைத்த இடத்தை ஒட்டி முறிந்து, தொட்டும் தொடாமலும் நின்றது. ஆன்டெனா வயரை அழகாக இருக்கட்டும் என்று சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தவன் நானேதான்.

உடற்பகுதியை மண்ணெண்ணெயில் ஊற வைத்தால் சேறு போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். செய்யலாமா?

பதில்: அம்பாசமுத்திரத்திலிருந்து

வேண்டவே வேண்டாம், தம்பி. மண்ணெண்ணெய் இரும்பு அச்சுக்கும் திருகுக்கும் சரி. பாலிகார்பனேட் உடலும் பிளாஸ்டிக் அடிச்சட்டமும் பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் பட்டால் வெளுக்கும், நாளடைவில் விரிசலும் விடும். என் அண்ணனுடைய கார் ஒன்றின் முன்பகுதியை நான் அப்படித்தான் கெடுத்தேன். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலும் பழைய பல்துலக்கியும் போதும்; ஸ்டிக்கர் இருக்கும் இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

பழைய பேட்டரியின் உப்பு பட்ட முனைகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் காரம் அடங்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அந்தப் பேட்டரியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், எரிக்கவும் கூடாது. காட்மியம் நஞ்சு என்பதால் மின்கழிவு வாங்கும் இடத்தில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

பதில்: மேலப்பாளையத்திலிருந்து

வண்டலே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. மூன்றாம் படி செத்துக் கிடப்பதும் அதே வெள்ளத்தின் வேலையாகத்தான் இருக்கும். அந்தப் படியில் மின்சாரம் மின்தடையைத் தொடாமல் செம்புத் தகட்டின் வழியே நேராகப் போகும். தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மெல்லிய தகடு தாங்காது. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் பொறுமையாகத் தேய்த்து, பளபளப்பு வந்ததும் ஆல்கஹாலால் துடையுங்கள். ஸ்பீடு கன்ட்ரோலரில் தகட்டின் மேல் சறுக்கும் கையின் அடியில் இருக்கும் கூர்முனைகள் தகட்டை அழுத்துகின்றனவா என்றும் பாருங்கள்.

தானாக ஊர்வது பழுதே அன்று. சறுக்கும் கை நடுவிடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். சக்கரங்கள் தரையில் படாதபடி காரை ஒரு டப்பாவின் மேல் ஏற்றி, மோட்டார் பேட்டரியை இணைக்காமல், முதலில் டிரான்ஸ்மிட்டரையும் பிறகு ரிசீவரையும் ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் நடுநிலையைத் திருத்தும் டிரிம் நெம்புகோல் நடுவில் இருக்கும்போது கையும் நடுவில் நிற்குமாறு இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருத்திய பிறகே பேட்டரியை மாட்டுங்கள். அணைக்கும்போது வரிசை தலைகீழ், டிரான்ஸ்மிட்டர் கடைசி. இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் கார் தன் இஷ்டத்துக்குச் சுவரில் போய் மோதும்.

அலைவரிசையை நிர்ணயிக்கும் கிறிஸ்டல்களைக் கழற்ற நேர்ந்தால் இடம் மாற்றிவிடாதீர்கள். டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் உரியவை ஒரே எண்ணுடைய இணையாக இருந்தாலும் அவற்றின் அதிர்வெண்களில் 455 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு உண்டு. லித்தியம் பேட்டரி வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு செல் பேட்டரி முழுதாக ஏறினால் 8.4 வோல்ட் வரும், அது அளவுக்கு மீறி வற்றிக் கெடும் முன் நிறுத்திவைக்க இந்தச் செம்புத் தகட்டுக்கு அறிவும் கிடையாது.

கேள்வி கேட்டவர்:

மேலப்பாளையம் அண்ணாச்சிக்கும் அம்பாசமுத்திரம் அக்காவுக்கும் நன்றி. புதிய கெபாசிட்டர்கள் மூன்றையும் பற்றவைத்தேன். முதல் முயற்சியில் சால்டர் உருண்டையாகத் திரண்டு ஒட்டாமல் போனது, மோட்டாரின் தகரத்தை அரம் வைத்துச் சற்றுச் சுரண்டிய பிறகே பிடித்தது. ஆன்டெனாவை அதற்குரிய குழாய் வழியாக நேராக நிறுத்தியவுடன் நடுக்கம் அடியோடு நின்றுவிட்டது. தகட்டில் இருந்த பச்சை போனதும் மூன்றாம் படியில் கார் பாய்ந்த பாய்ச்சலில் ஆச்சியின் துளசி மாடத்தில் மோதப் பார்த்தது. மின்தடை சுடுகிறது, ஆனால் புகையவில்லை. டயர்களில் மட்டும் வெடிப்புகள் இருக்கின்றன. இந்த மாடலை 2004-இல் மறுபடி வெளியிட்டதால் அவை புதிதாகவே கிடைக்கின்றன என்று அறிந்து, வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா வந்ததும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்ட வேண்டும் என்று தொலைபேசியில் இப்போதே கேட்கிறார். கார் தாங்குமா?

பதில்: மேலப்பாளையத்திலிருந்து

தேரி மணல் மாவு போல நைசானது. நீங்கள் இரண்டு மாலை சுரண்டி எடுத்ததை அது பத்து நிமிடத்தில் திரும்ப நிரப்பிவிடும். முதலில் ஏதாவது கட்டாந்தரை மைதானத்தில் நான்கு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் கியர்பாக்ஸில் இன்னும் இறுக்கம் பாக்கி இருக்கிறது என்று பொருள். தேரிக்குத்தான் போக வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தால், கியர்பாக்ஸ் மூடியின் விளிம்பு முழுவதும் மெல்லிதாகக் கிரீஸ் தடவி மூடுங்கள். வீடு திரும்பிய அன்றைக்கே அதைத் திறந்து துடைத்துவிடுங்கள்.