'மந்தமான நோய்த்தடைக்காப்பு' வேண்டாம், 'இரவல் காப்பு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தோட்டத் தொழிலாளர்களுக்கான நாய்க்கடித் துண்டறிக்கை ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. கிருமியைப் பிடித்து முடக்கும் புரதமான எதிர்ப்பொருளை உடல் தானே உண்டாக்காமல், வெளியிலிருந்து வாங்கிப் பெறும் பாதுகாப்பைப் பள்ளிப் பாடத்தில் 'மந்தமான நோய்த்தடைக்காப்பு' என்று படித்தோம். 'செயலற்ற' என்று எழுதுவோரும் உண்டு. இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'இரவல் காப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

குன்னூர்ப் பக்கம் நாய்க்கடிக்குத் தடுப்பூசி உண்டு என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இங்கேயே இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை வயிற்றில் போட்டுக்கொண்ட பெரியவர்கள் இன்றும் எஸ்டேட் லைன்களில் இருக்கிறார்கள். அவர்களைக் குழப்புவது இன்னொரு ஊசி. ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போடும் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்தமாக எடுத்துவைத்த எதிர்ப்பொருள். "கையில போட்டாச்சே, காயத்துல வேற எதுக்கு?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக 'மந்தமான காப்பு' என்று அச்சடித்துக் கொடுத்தால், அது வலுவில்லாத ஊசி, தவிர்த்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். அப்படித் தவிர்த்தால் உயிர் போகலாம்.

உண்மையில் கடிபட்ட அன்றைக்கே வேலை செய்வது காயத்தில் போடும் அந்த ஊசிதான். வெறிநோய் வைரஸ் நாயின் எச்சிலோடு தசைக்குள் வருகிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிகளை (நரம்பின் சேதியைத் தசை வாங்கும் புரதங்களை) பற்றிக்கொண்டு நரம்புக்குள் நுழைகிறது. அப்புறம் நரம்பு இழை வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. நரம்புக்குள் போய்விட்ட வைரஸை எதிர்ப்பொருள் எட்டிப்பிடிப்பது அரிது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் அது வந்த சேதி சரியாகத் தெரிவதில்லை. தடுப்பூசி போட்ட பிறகு உடல் போதுமான எதிர்ப்பொருளை உண்டாக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்க ஆள் வேண்டும். குதிரையின் ரத்தத்திலிருந்தோ, தடுப்பூசி போட்ட மனிதரின் ரத்தத்திலிருந்தோ எடுத்த எதிர்ப்பொருள் அந்த இடைவெளியை அடைக்கிறது. (காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவது இதற்கெல்லாம் முந்தியது. அதைத் துண்டறிக்கையின் தலைப்பிலேயே போட்டுவிட்டோம்.)

கோத்தகிரி நண்பர் 'கொடைக்காப்பு' என்றார். அழகான சொல். ஆனால் கொடையாக வந்தது கையில் தங்கும், இது தங்காது. மனித எதிர்ப்பொருளில் பாதி சுமார் மூன்று வாரத்தில் சிதைந்துவிடுகிறது. உடலுக்கு அதைச் செய்யும் வித்தையும் தெரியவராது. இரவல் என்றால் திருப்பித் தர வேண்டுமே என்ற மறுப்புக்கு என் பதில்: நம் பேச்சில் அந்தச் சொல் முதலில் தருவது 'நம்முடையது இல்லை, கொஞ்ச காலத்துக்குத்தான்' என்ற பொருளை. இங்கே தேவையும் அதுதான். திருவிழாவுக்குக் கட்டும் காப்பைப் பூசாரி கட்டுகிறார், விழா முடிந்ததும் அவிழ்க்கிறார்கள். 'காப்பு' என்ற சொல்லும் இந்தக் கருத்துக்கு அந்நியமில்லை.

இரவலின் இன்னொரு குணத்தையும் இந்தச் சொல் தாங்கும். அது அளவு மீறினால் சொந்த முயற்சியைக் கெடுக்கும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் உடலே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கியிருக்கும், அதற்குமேல் இரவல் இடைஞ்சலாகலாம் என்பதால் இம்யூனோகுளோபுலின் போடுவதில்லை. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை தட்டம்மைத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. ஒன்பதாம் மாதம்வரை காத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. 'செயலற்ற' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒரு தாய்க்கு எப்படி விளக்குவது?

உடல் தானே எதிர்ப்பொருள் செய்து பெறும் பாதுகாப்புக்கு இணைச் சொல்லாக ஊட்டியிலிருந்து வந்த 'சொந்தக் காப்பு' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தோலும் காய்ச்சலும் கிருமியை விழுங்கும் அணுக்களும் தரும் பிறவிக் காப்பும் சொந்தம்தானே? எனவே 'ஈட்டிய காப்பு'. தடுப்பூசியாலோ நோயாலோ உடல் தானே உழைத்துச் சேர்த்தது. அதற்கு நினைவும் உண்டு. முன்பே முழுத் தடுப்பூசி போட்டவரை நாய் மறுபடி கடித்தால் இரண்டே ஊசி போதும், காயத்தில் இரவல் தேவையில்லை.

ஆய்வகத்தில் செல்களை வளர்த்து எடுக்கும் ஒற்றைவகை எதிர்ப்பொருளுக்கும் இதே பெயர் பொருந்தும். அதுவும் நோயாளியின் உடல் செய்ததில்லை.

துண்டறிக்கைக்கு நான் எழுதிய வரி: "காயத்தில் போடும் ஊசி இரவல் காப்பு, இன்றே வேலை செய்யும். கையில் போடும் ஊசியால் வருவது ஈட்டிய காப்பு, சில நாள் கழித்து வந்து நிலைக்கும். இரண்டும் வேண்டும்."

'இம்யூனோகுளோபுலின்' என்ற பெயர் மட்டும் இன்னும் நெருடுகிறது. செவிலியர்கள் 'சீரம்' என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா, இல்லை 'எதிர்ப்பொருள் ஊசி' என்று போடலாமா? அச்சுக்குப் போகும் முன் கருத்தைச் சொல்லுங்கள்.